இருட்டிலும் மழையிலும் இலக்குத் தேடிய விமானம்
வாசகர் கேள்வி – பதில்

விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த ஏ-6 இன்ட்ரூடர் தாக்குதல் விமானம் பற்றித் திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

உப்புவெளி வாசகர்: ‘எந்தக் காலநிலையிலும் தாக்கும் விமானம்’ என்கிறார்களே, புயலுக்குள்ளும் பறக்குமா?

பறப்பதல்ல இங்கே சங்கதி. மார்கழி மழையில் முகிலுக்குள்ளால் போய்வருவது பயணிகள் விமானத்துக்கும் முடியும். தரையே தெரியாத இருட்டில் ஓர் இலக்கைக் கண்டுபிடிக்க வேண்டும், குண்டைப் போட வேண்டும், திரும்பி வந்து கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் இறங்கவும் வேண்டும். கொரியப் போரில் அமெரிக்கக் கடற்படையிடம் இதற்கேற்ற விமானம் இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கக் கிரம்மன் நிறுவனம் செய்ததுதான் இன்ட்ரூடர். முதற்பறப்பு 1960 ஏப்ரல் 19; சேவைக்கு வந்தது 1963; வியட்நாமில் முதற்தாக்குதல் 1965. இரண்டு ஜே-52 எஞ்சின்கள் இருந்தும் ஒலியின் வேகத்தை எட்டாது. முன்பக்கம் பருத்து, வால்பக்கம் ஒடுங்கிய உருவம். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. ஆனால் 18,000 இறாத்தல் வரை ஆயுதம் சுமக்கும். 500 இறாத்தல் குண்டுகளென்றால் 28.

மூதூர் வாசகி: போர் விமானங்களில் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஏன்?

இடப்பக்கம் விமானி. வலப்பக்கம், சற்றுப் பின்தள்ளி, சற்றுத் தாழ்வாக, வழிகாட்டுவதையும் குண்டுவீச்சையும் கவனிப்பவர். ராடர் திரை இரண்டாமவருக்கு முன்னால் இருக்கிறது. மலைகளுக்கிடையே தாழ்வாகப் பறக்கும்போது ஒருவர் கைகாட்டுவதை மற்றவர் உடனே பார்க்கலாம். ஒரே கருவியை இருவரும் பார்க்கலாம். பெரிய ராடர் அலைவாங்கியை வைக்க மூக்கும் அகலமாக வேண்டியிருந்தது. அகலமான மூக்குக்குப் பின்னால் இரண்டு இருக்கைகளை அருகருகே வைப்பது வசதியாகவும் போயிற்று. இதனால் விமானிக்கு வலப்பக்கம் கீழே பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்.

கிண்ணியா வாசகர்: ஒன்றும் தெரியாத இருட்டில் இலக்கை எப்படிப் பிடிப்பார்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

புறப்படுமுன் கப்பலின் இடத்தையும் இலக்கின் இடத்தையும் கணினியில் பதிவார்கள். பறக்கும்போது, சுழல்காட்டிகளைக் கொண்ட வழியறி கருவி விமானம் இப்போது எங்கே என்று கணித்துக்கொண்டே இருக்கும். இந்தக் கணிப்பில் பிழை சிறிது சிறிதாகச் சேரும். அப்படியே விட்டால் இலக்கைத் தவறவிட வேண்டியதுதான். ஆகவே ராடரில் நன்றாகத் தெரியும் இடமொன்றைப் பிடித்து அதைத் திருத்துவார்கள். கடல் ராடரில் கறுப்பாகவும் கரை வெளிச்சமாகவும் தெரியும். கோணேசர் கோயில் நிற்கும் பாறைமுனையோ கொட்டியாரக்குடாவின் வளைவோ இப்படித் திருத்துவதற்கு அருமையான அடையாளங்கள். நெல்வயல் நடுவே உள்ள சின்னப் பாலமொன்று அப்படித் தெரியாது. அதற்கும் வழி உண்டு: பக்கத்தில் பளிச்சென்று தெரியும் புள்ளியொன்றைக் குறிவைத்து, அங்கிருந்து இலக்கு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று கணினிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பிறகு உயரம், வேகம், குண்டின் வகை எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கணினி விமானிக்குத் திரையில் வழி காட்டும். அவர் விடுவிப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பார். குண்டு கழலும் கணத்தைத் தீர்மானிப்பது கணினி.

பழுதாவது எங்கே என்றால், பெரும்பாலும் இந்தக் கணினியிலும் ராடர்களிலும்தான். முதலில் வந்த ஏ-6ஏ மாதிரியில் இலக்கைத் தேட ஒரு ராடர், பின்தொடர இன்னொரு ராடர். கணினியின் நினைவகமோ சுழலும் உருளை. கப்பலிலிருந்து விமானத்தை வானில் எறியும் நீராவிக் கவணின் உலுக்கலும் இறங்கும்போது விழும் அடியும் கடலின் ஈரப்பதனும் சேர்ந்தால் எது தாங்கும்? பழுதுபார்ப்போருக்கு ஓயாத வேலை. 1970 இல் பறந்த ஏ-6ஈ மாதிரியில் இரண்டு ராடருக்கும் பதில் ஒன்று. உருளைக்குப் பதில், சுழலும் பாகமில்லாத திண்மநிலை மின்னணுக் கணினி. என்னைக் கேட்டால், இன்ட்ரூடர் நம்பத்தக்க விமானமானது அதற்குப் பிறகுதான்.

குண்டும் சிக்கல் தந்தது. 1965 இல் இழந்த முதல் விமானங்களில் சில எதிரியால் வீழ்த்தப்பட்டவையல்ல. கழன்ற குண்டு விமானத்துக்கு அருகிலேயே முன்கூட்டி வெடித்ததால் போனவை. தாழ்வாகப் பறந்து போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குண்டு விமானத்துக்கு நேர் கீழே கூடவே வந்து வெடிக்கும். சிதறல் விமானத்தையே தாக்கும். அதற்காகத்தான் வால்தகடுகள் விரிந்து வேகத்தைக் குறைக்கும் குண்டுகள். குண்டு பிந்திவிழ, விமானம் தப்பிவிடும்.

பிற்காலத்தில் மூக்குக்குக் கீழே அகச்சிவப்புக் கண்ணும் லேசரும் கொண்ட கோளம் ஒன்றைப் பொருத்தினார்கள். இருட்டில் அது அருமை. ஆனால் தடித்த முகிலை அகச்சிவப்பு ஊடுருவாது. பெருமழை ராடர் படத்தையும் மங்கலாக்கும். ‘எந்தக் காலநிலையிலும்’ என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே கேட்க வேண்டும்.

சாம்பல்தீவு வாசகர்: இரவில் கப்பலில் இறங்குவது எப்படி?

முதலில் கப்பலிலுள்ள ராடர் அதிகாரி வானொலியில் பேசிக் கொண்டுவருவார். கடைசி முக்கால் மைலில் விமானி தளத்தின் இடப்பக்க விளக்குத் தொகுதியைப் பார்ப்பார். நடுவிலுள்ள மஞ்சள் ஒளி, பக்கங்களிலுள்ள பச்சை விளக்குகளுக்கு நேராக நின்றால் சரி. சிவந்தால் ஆபத்தான அளவுக்குத் தாழ்வு. வால்கொக்கி குறுக்கே கட்டிய கம்பிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சக்கரம் பட்டதும் எஞ்சினைக் குறைப்பதில்லை, முழு வலுவுக்கு ஏற்றுவார்கள். கொக்கி தவறினால் மறுபடி எழும்ப வேறு வழியில்லை.

தம்பலகாமம் வாசகர்: 1942 இல் திருகோணமலையைத் தாக்கிய யப்பானிய விமானங்களும் இப்படிப்பட்டவையா?

இல்லை. ஏப்ரல் 9 காலை வந்தவை கண்ணால் பார்த்துக் குண்டு போட்ட விமானங்கள். கப்பலிலிருந்து வந்தவை என்பது மட்டுமே ஒற்றுமை. அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானியாவின் ‘ஹேர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலில் விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை.

நிலாவெளி மாணவர்: 1/72 அளவில் இதன் மாதிரி செய்கிறேன். அளவுகள் வேண்டும். இப்போதும் பறக்கிறதா?

இன்ட்ரூடர் 1997 இல் ஓய்வுபெற்றது. அதிலிருந்து பிறந்த நால்வர் பறக்கும், எதிரியின் ராடரைக் குழப்பும் மின்னணுப் போர் விமானம் பிரௌலர் 2019 வரை இருந்தது. மாதிரிக்கு: நீளம் 232 மில்லிமீற்றர், இறக்கை முழுதாக விரிந்தால் 224, மடித்தால் சுமார் 107. பறக்கும்போதே எரிபொருள் வாங்கும் குழாய் முன்கண்ணாடிக்கு முன்னால் நடுவில் நிரந்தரமாக நிற்கும், உள்ளிழுபடாது. வியட்நாம் காலத்து ஏ-6ஏ என்றால் மேலே இளஞ்சாம்பலும் கீழே வெள்ளையும் பூசுங்கள். மூக்குக்குக் கீழே பிற்காலத்து அகச்சிவப்புக் கோளத்தை மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.