விடுதி வைஃபையில் முகவரியை மாற்றிக்கொண்டே இருந்தால் பாதுகாப்பா?

அம்மாவின் சிகிச்சைக்காக வேலூரில் ஒரு மாதம் விடுதியில் தங்கப்போவதாகவும், வைஃபை கடவுச்சொல் வரவேற்பறைச் சுவரிலேயே ஒட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கைபேசியை வலையமைப்பில் அடையாளம் காட்டும் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும் ‘நகரும் இலக்குப் பாதுகாப்பு’ உதவுமா என்பது உங்கள் கேள்வி.

உதவும், ஆனால் பாதிதான். இந்த ஊர் விடுதிகளுக்கு வைஃபை அமைத்துத் தருவது என் தொழில், பார்த்ததைச் சொல்கிறேன்.

குறியாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவது, செய்தியை மறைக்கும். யார், எப்போது, எவ்வளவு அனுப்புகிறார் என்பதை மறைக்காது. ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) தலைப்பிலும், கைபேசியின் வைஃபை அடையாள எண்ணான 48 பிட் மேக் முகவரி அப்பட்டமாகப் போகிறது. நம் கோட்டை அகழியைத் தாண்ட முடியாதவன்கூட, கரையில் நின்று வாசலில் போய்வருபவர்களை எண்ணலாமே! நான்கு நாள் எண்ணினால் உங்கள் கைபேசி எது என்று பிடிபட்டுவிடும். முகவரி மாறினால் அந்த நான்கு நாள் உழைப்பு வீணாகும்.

இப்படி மாறிக்கொண்டே இருந்து தப்பிக்கும் யோசனை பழையது. 88 அலைவரிசைகளுக்கிடையே தாவித் தாவி டார்பிடோவை (நீரடி ஏவுகணையை) வானொலியில் இயக்கும் முறைக்கு நடிகை ஹெடி லாமரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும் 1942-இல் காப்புரிமை பெற்றார்கள்.

ஆனால் அரைகுறையாக நகர்ந்தால் பயனில்லை. என் பழைய கைபேசி ஒன்றை மடிக்கணினியில் கவனித்தேன். மேக் முகவரி முழுவதும் மாறியது. பாக்கெட்டின் வரிசை எண் மட்டும் 2310-இல் விட்டு 2311-இல் தொடர்ந்தது. வேடம் மாற்றியவர் அதே செருப்போடு நடந்த மாதிரி! ரவுட்டர் தரும் ஐபி முகவரியும் (வலையமைப்பில் தரவு வந்துசேர உதவும் எண்ணும்) அப்படித்தான்: வழக்கமான விடுதி ரவுட்டரில் இருப்பது 254 முகவரிகள், சில நொடிகளில் தேடிவிடலாம். ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் 64 பிட் இடம், அதாவது கோடானுகோடி முகவரிகள், இருப்பதால்தான் அங்கே தாவுவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கும் இரு முனைகளும் (உங்கள் கைபேசியும் அது பேசும் கணினியும்) ஒரே ரகசியத்தையும் ஒரே கடிகாரத்தையும் வைத்து அடுத்த முகவரியைக் கணக்கிட வேண்டும்.

உங்கள் கைபேசி தானாக இப்படித் தாவிக்கொண்டே இருக்காது. ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் முகவரி கிடைக்கிறது. ஒரே விடுதியில் மாதம் முழுவதும் பெரும்பாலும் அதே முகவரிதான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்தச் சுவர்தான். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், கடவுச்சொல் தெரிந்த ஒருவர் நீங்கள் இணையும் கணத்தைப் பதிவு செய்தால் வைஃபை குறியாக்கத்தையே அவிழ்த்துவிடலாம். ரவுட்டரை, இந்தக் குறை இல்லாத அடுத்த பதிப்பான டபிள்யூபிஏ3-க்கு மாற்றித் தரும்படி விடுதியில் கேளுங்கள். மறுத்தால், அம்மாவின் மருத்துவ அறிக்கைகளை விபிஎன் (எல்லாவற்றையும் இன்னொரு முறை குறியாக்கி அனுப்பும் சேவை) வழியாகவோ கைபேசி டேட்டாவிலோ மட்டும் திறந்து பாருங்கள்.