முதல் சுற்றில் சுழல்கிறது, ஆறாம் சுற்றில் திரும்ப மறுக்கிறது

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பழைய ஸ்டீயரிங் செட் ஒன்று வாங்கி, ராத்திரியில் அசெட்டோ கோர்ஸா என்ற கார் பந்தயக் கணினி விளையாட்டை ஓட்டுகிறேன். எஞ்சின் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டிகள் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. முன்சக்கரத்தைச் சுழற்றும் அபார்த் 500 பந்தய வண்டிதான் பிடிபடவில்லை. மஜியோனே என்ற பந்தயத் தடத்தில் முதல் இரண்டு சுற்றிலேயே வால் சுழன்று புல்லில் போய் நிற்கிறேன். அதைத் தாண்டினால், ஆறாம் சுற்றுக்கு மேல் எவ்வளவு திருப்பினாலும் நேராகவே போகிறது. ஒரே வண்டி இரண்டு விதமாகவா படுத்தும்? முன்சக்கர இழுவை வண்டி பந்தயத்துக்கு லாயக்கில்லை என்கிறார்கள் நண்பர்கள். அப்பாவின் காரும் அந்த ரகம்தான். இந்தப் பழக்கம் அதற்கு உதவுமா?

க.

அன்புள்ள க.,

நண்பர்கள் சொல்வதற்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். மான்டி கார்லோ ராலி என்ற புகழ்பெற்ற சாலைப் பந்தயத்தை 1964, 1965, 1967 மூன்று வருடமும் ஜெயித்தது மினி கூப்பர் எஸ் என்ற குட்டி முன்சக்கர வண்டி. 1966லும் முதலில் வந்தது அதுதான், ஹெட்லைட் விதியைக் காட்டி நீக்கிவிட்டார்கள். நம் ஊரில் 2010இல் ஆரம்பித்த போலோ கோப்பையில், அதாவது ஃபோக்ஸ்வாகன் போலோ கார்களுக்கான பந்தயத்தில், ஓடியதும் முழுக்க இந்த ரகம்தான். போதும்.

உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே. இந்த வண்டியில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாம் முன்டயர் இரண்டின் தலையில். எஞ்சினும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பின்டயர்கள் சும்மா கூட வருகின்றன. அதனால் அவை சூடேற நேரமாகும், சூடேறாத பந்தய டயருக்குப் பிடிப்பு கிடையாது. வளைவுக்குள் நீங்கள் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுகிறீர்கள். எடை முன்னால் சாய்கிறது, ஏற்கெனவே லேசான பின்பக்கம் இன்னும் லேசாகிறது. ஒரு டன்கூட இல்லாத வண்டி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரமும் குட்டை. சுழலாமல் என்ன செய்யும்? ஆறாம் சுற்றில் பின்டயர் தேறிவிடும், முன்டயர் அதற்குள் வெந்துபோயிருக்கும்.

முன்டயரின் பிடிப்பை வாய்க்கால் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயலுக்கும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் இரண்டும் நனையாது, முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். பிரேக்கின் பெரும்பகுதியை நேரான சாலையிலேயே முடியுங்கள். ஸ்டீயரிங் திரும்புகிற அளவுக்கு பிரேக்கை விட்டுக்கொண்டே வாருங்கள். ஸ்டீயரிங் நேராகும் அளவுக்குத்தான் ஆக்ஸிலரேட்டர். வளைவின் நடுவிலேயே முழுதும் அமுக்கினால் உள்பக்க முன்சக்கரம் வெறுமனே சுற்றும், டயர்தான் வேகும்.

கை சொல்வதையும் கேளுங்கள். திருப்பிக்கொண்டே போகும்போது ஸ்டீயரிங் கனத்துக்கொண்டே வரும், ஒரு இடத்தில் திடீரென்று லேசாகிவிடும். டயர் எல்லைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாரும் அங்கேதான் இன்னும் கொஞ்சம் திருப்புவார்கள். நீங்கள் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள், ஓரிரு விரற்கடை போதும், மூக்கு மறுபடி உள்ளே வரும். இது கைக்கு வர நாளாகும், புத்திக்கு எதிரான வேலை.

வால் கிளம்பினாலும் அப்படித்தான். பின்சக்கர வண்டியில் பழகிய கால் பெடலை விட்டுவிடும், பிரேக்கையும் தேடும். இங்கே ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்க வேண்டும். எடை பின்னால் போய் உட்காரும், முன்சக்கரம் வண்டியை இழுத்து நேராக்கும். தேர்ந்தவர்கள் இந்த வாலாட்டத்தை வேண்டுமென்றே கிளப்பி மூக்கை உள்ளே கொண்டுவருவார்கள். ஃபின்லாந்து ராலிக்காரர்கள் வலது காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்தபடியே இடது காலால் பிரேக்கைத் தொட்டு மினியைத் திருப்பியது இதற்காகத்தான். ரீப்ளேயில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதன் சுபாவம் அது.

அப்பாவின் கார்? எடை எங்கே சாய்கிறது, ஈரச் சாலையில் வளைவுக்குள் காலைச் சட்டென்று எடுத்தால் என்ன ஆகும் என்கிற அறிவு உதவும். வேகம் உதவாது. நிஜத்தில் வழுக்கலை முதலில் சொல்வது உட்கார்ந்திருக்கும் சீட். சிமுலேட்டரில் அது இல்லை, கண்ணும் கையும்தான். தை மாசத்தில் நீடாமங்கலம் ரோட்டில் பாதிச் சாலைக்கு நெல் காயும், மீதிப் பாதியில் வைக்கோல் கிடக்கும். அங்கே எந்த வித்தையும் வேண்டாம், மெதுவாகப் போங்கள். வேகமாக ஓட்டும் ஆசை அடங்கவில்லையென்றால் பந்தயத் தடம்தான் வழி, டெல்டாவில் அது கிடையாது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி தடத்துக்கோ, சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கோதான் போக வேண்டும்.

இன்றிரவு முதல் இரண்டு சுற்று வளைவுக்குள் காலை முழுசாக எடுக்காமல் ஓட்டிப் பாருங்கள். டயர் சூட்டைக் காட்டும் பெட்டியைத் திரையில் திறந்து வையுங்கள். ஆறாம் சுற்றில் முன்டயர் எவ்வளவு, பின்டயர் எவ்வளவு என்று குறித்து அனுப்பினால், காற்றழுத்தத்தை மாற்ற வேண்டுமா என்று அப்புறம் பார்க்கலாம்.