ஜட்ஜுக்கும் ஓட்டுப் போடும் ஊரிலிருந்து: பெர்ஸ்கி விவகாரம், கேள்வி பதில்

நான் இருப்பது அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), சிலிக்கான் பள்ளத்தாக்கு என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு பாலியல் குற்ற வழக்கில் ரொம்பக் குறைவான தண்டனை கொடுத்தார் என்று, 2018 ஜூனில் எங்கள் ஊர் நீதிபதி ஆரன் பெர்ஸ்கியை ஓட்டுப் போட்டே வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து விடாமல் படித்தவன். கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஜட்ஜுக்கு எதுக்கு எலெக்‌ஷன்? நம்ம ஊர்ல டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதித்தானே சிவில் ஜட்ஜ் ஆகிறாங்க?

பதில்: இங்கே அந்த மாதிரிப் பரீட்சை கிடையாது. 10 வருடம் வக்கீலாக இருந்திருந்தால் நிற்கலாம். கவுன்டி விசாரணை நீதிமன்றத்துக்கு சுப்பீரியர் கோர்ட் என்று பெயர், பதவிக்காலம் 6 வருடம், கட்சி அடையாளம் இருக்காது. சட்டத்தில் தேர்தல் என்று எழுதியிருந்தாலும் நடப்பில் பெரும்பாலானவர்கள் கவர்னர் நியமித்து வந்தவர்கள்தான், ஏனென்றால் நடுவில் ஒரு இடம் காலியானால் அதை நிரப்புவது அவர். பெர்ஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசுத் தரப்பு வக்கீலாகப் பாலியல் குற்ற வழக்குகளை நடத்தியவர், 2002இல் தேர்தலில் நின்று தோற்றார், 2003இல் கவர்னர் கிரே டேவிஸ் அவரை நியமித்துவிட்டார்!

கேள்வி: சரி, அதுக்கப்புறம் மக்கள் ஓட்டுப் போட்டாங்களா இல்லையா?

பதில்: இங்கேதான் வேடிக்கை. பதவியில் இருக்கும் நீதிபதியை எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் ஓட்டுச்சீட்டில் அவர் பெயரே வராது, தானாகவே ஜெயித்த கணக்கு. அந்தத் தண்டனையை அவர் அறிவித்தது 2016 ஜூன் 2, தேர்தல் ஜூன் 7. மனுத்தாக்கல் எப்போதோ முடிந்துவிட்டது. ஊரே கொதித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில் இன்னொரு 6 வருடம் போட்டியின்றிக் கிடைத்தது.

கேள்வி: அப்படி என்ன தண்டனை?

பதில்: 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில், சுயநினைவில்லாமல் கிடந்த ஒரு பெண்ணிடம் பிராக் டர்னர் என்ற நீச்சல் வீரர் பாலியல் குற்றம் செய்தார். சைக்கிளில் வந்த இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் அவரைப் பிடித்தார்கள். மூன்று குற்றச்சாட்டும் நிரூபணமாயின. அரசுத் தரப்பு கேட்டது 6 வருடம், பெர்ஸ்கி கொடுத்தது கவுன்டி சிறையில் 6 மாதமும் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும். உள்ளே இருந்தது மூன்றே மாதம். பாதிக்கப்பட்ட பெண் கோர்ட்டில் படித்த வாக்குமூலம் இணையத்தில் வந்ததும் லட்சக்கணக்கானோர் படித்தார்கள், நானும் ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் படித்தேன், தூக்கம் வரவில்லை.

கேள்வி: மேலதிகாரிகள் நடவடிக்கை எடுக்கலையா? ஏன் ஓட்டு வரைக்கும் போச்சு?

பதில்: நீதிபதிகளை விசாரிக்கும் மாநில ஆணையம் 2016 டிசம்பரில் அவர்மேல் தவறில்லை என்று சொல்லிவிட்டது. தண்டனை சட்டத்துக்கு உட்பட்டது, நன்னடத்தைத் துறையின் பரிந்துரையும் ஏறக்குறைய அதேதான். சட்டமன்றம் அதற்குள் சட்டத்தையே மாற்றி, இப்படிப்பட்ட குற்றத்துக்குச் சிறை கட்டாயம் என்று ஆக்கியது. ஆனால் ஸ்டான்ஃபோர்டு சட்டப் பேராசிரியை மிஷெல் டாபர் விடவில்லை. பெர்ஸ்கியை நீக்க ஓட்டெடுப்பு வைக்கவேண்டும் என்று அவர் நடத்திய கையெழுத்து வேட்டையில் தேவைக்கு மேலேயே சேர்ந்தது. 2018 ஜூன் 5இல் 60 சதவீதத்துக்கு மேல் 'நீக்கு' என்று விழுந்தது. கலிஃபோர்னியாவில் 1932க்குப் பிறகு மக்கள் ஒரு நீதிபதியை நீக்கியது அதுதான் முதல் தடவை.

கேள்வி: நீங்க எப்படிப் போட்டீங்க? மழுப்பாம சொல்லுங்க.

பதில்: 'நீக்க வேண்டாம்' என்றுதான் போட்டேன், வீட்டில் அதற்காகச் சண்டையும் நடந்தது. தண்டனை தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக்கு வேறொரு ஜட்ஜ், கூட்டத்துக்குப் பயந்து, வக்கீல் வைக்கக் காசில்லாத ஏழைப் பையனுக்கு இரண்டு வருடம் கூட்டிப் போடுவாரே என்பது என் பயம். அரசு செலவில் ஏழைகளுக்கு வாதாடும் வக்கீல்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள். அரசுத் தரப்பின் தலைமை வக்கீல் ஜெஃப் ரோசன்கூட, தண்டனை போதாது என்று சொன்னவர், நீக்கத்தை ஆதரிக்கவில்லை. என் மனைவி சொன்ன பதிலும் சும்மா தள்ளக்கூடியதல்ல: "மத்த பதவிக்கெல்லாம் பயம் இருக்கலாம், ஜட்ஜுக்கு மட்டும் இருக்கக்கூடாதா?"

கேள்வி: அவர் இடத்துக்கு யார் வந்தாங்க?

பதில்: அதே சீட்டில் இரண்டாவது கேள்வியாக அதுவும் இருந்தது. சிண்டி ஹெண்ட்ரிக்சன் ஜெயித்தார், அவரும் அரசுத் தரப்பு வக்கீல்தான்.

கேள்வி: சார், நான் புதுசா சிட்டிசன் ஆனவன். சீட்டில் ஜட்ஜ் பேரெல்லாம் வருது, ஒருத்தரையும் தெரியாது. எப்படித் தேர்ந்தெடுக்கறது?

பதில்: பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மூன்று வார்த்தைக்குள் தொழில் போட்டிருக்கும், அதைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். அந்த மூன்று வார்த்தைக்குத்தான் அடிதடி, குற்ற வழக்கு நடத்துபவர் என்று போட்டுக்கொள்ள எல்லோருக்கும் ஆசை, கேட்க கம்பீரமாக இருக்கும். கூடவே வரும் கையேட்டில் வேட்பாளர் அறிக்கை இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் அவரிடம் காசில்லை என்றும் இருக்கலாம், அச்சுச் செலவு வேட்பாளர் தலையில். எந்த மாதிரி வழக்கு நடத்தினார், எதிர்த்தரப்பு வக்கீல்கள் யாராவது ஆதரிக்கிறார்களா என்று பாருங்கள். தபாலில் வரும் ஓட்டுச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து நான் இதற்கே அரை மணி நேரம் செலவழிப்பேன். நிறையப் பேர் அந்தப் பக்கத்தைக் காலியாகவே விட்டுக் கவரை ஒட்டிவிடுகிறார்கள், பெர்ஸ்கி வருகிற வரைக்கும் நானும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன்.