வேல்ஸில் பிளைனை குவென்ட் மாவட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு குடியேறலாமா? நிறவெறி இருக்குமா?

வேலை அந்த மாவட்டத்துக்குள்ளேயே என்றால் தாராளமாக வாருங்கள். தினமும் தலைநகர் கார்டிஃப் போய்வர வேண்டும் என்றால் யோசியுங்கள், ரயிலில் போக மட்டும் ஒரு மணி நேரம். நான் இதே மாவட்டத்தில் எபு வேல் என்ற ஊரில் குடியிருப்பவன்.

மாவட்டம் என்றதும் நம்மூர் அளவில் நினைக்காதீர்கள். மொத்த மக்கள்தொகையே சுமார் 67,000. ட்ரெடீகர் ஒரு பள்ளத்தாக்கு, எபு வேல் அடுத்தது, அபர்டிலரி அதற்கடுத்தது. ரயிலும் பெரும்பாலான சாலைகளும் ஆற்றோடு தெற்கே போகும். பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக மலையேறி இறங்க வேண்டும். அதனால் எந்த ஊர் என்று கேட்டால் ட்ரெடீகர் என்பார்கள், பிளைனா (இது மாவட்டமல்ல, ஒரு ஊர்) என்பார்கள். மாவட்டத்தின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1974-ல் காகிதத்தில் கோடு போட்டுச் சேர்த்த மாவட்டம்தானே! பக்கத்து டோர்வைன் மாவட்டத்தோடு இணைந்துகொள்கிறோம் என்று கவுன்சிலே கேட்டது. 2015-ல் வேல்ஸ் அரசு மறுத்துவிட்டது. இப்போது இரண்டுக்கும் ஒரே தலைமை நிர்வாகி.

ஒரு காலத்தில் ஊருக்கே சோறு போட்ட எபு வேல் எஃகு ஆலை 2002-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று மருத்துவமனை, பள்ளி, ரயில் நிலையம். கவுன்சில் கூடுவதும் ஆலையின் பழைய அலுவலகக் கட்டடத்தில்தான்.

நிறவெறி இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 62 சதவீதம் பேர் வாக்களித்த இடம் இது, வேல்ஸிலேயே அதிகம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்தப் பள்ளத்தாக்குகளில் பல ஊர்களுக்குப் பல்லாண்டுகளாக வைத்தியம் பார்த்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்த டாக்டர்கள். பெரியவர்கள் பலர் பழைய 'டாக்டரை' விசாரித்துவிட்டுத்தான் நம்மிடம் பேச்சையே ஆரம்பிப்பார்கள். மருத்துவம் இங்கே ஊர்ப் பெருமை. ட்ரெடீகரில் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்து மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். அந்த ஊர்க்காரரான அனைரின் பெவன், அதைப் பார்த்து வளர்ந்தவர், சுகாதார அமைச்சராகி 1948-ல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார். பிரிட்டனின் என்.எச்.எஸ். அதுதான்.

கறிவேப்பிலை, பொன்னி அரிசிக்கெல்லாம் நியூபோர்ட்டோ கார்டிஃபோ போக வேண்டும். 2024 முதல் நியூபோர்ட்டுக்கும் நேரடி ரயில் இருக்கிறது. மழையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

வீட்டு விலை கார்டிஃபை விட மிகக் குறைவு. வரிசை வீடுகள் அழகுதான், ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று உடனே முன்பணம் கட்டிவிடாதீர்கள். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடினாலும் அவற்றின் கழிவுமேடுகள் மலைமேல் அப்படியே கிடக்கின்றன. 2024 நவம்பரில் பெர்ட் புயல் மழையில் அபர்டிலரி பக்கத்துக் கும்டிலரியில் அப்படி ஒரு மேடு சரிந்து, சுமார் 40 வீட்டுக்காரர்களை வெளியேற்றினார்கள். வாங்குமுன் வழக்கறிஞரிடம், அந்த இடத்தில் பழைய சுரங்கம் உண்டா என்று சொல்லும் சுரங்க அறிக்கை கேளுங்கள். வீட்டுக்கு மேலே மலையில் என்ன இருக்கிறது என்று ஒரு மழைநாளில் நீங்களே ஏறிப் பாருங்கள். முதல் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள்.