தேத்தண்ணிக் கடை மேசை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கதைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். போன மாதம் வந்த கதையில் பெரியப்பா வாவிக்கரையில் குந்தியிருந்து சிகரட் பற்றவைக்கும் இடம் அழகாக இருந்தது. ஆனால் வாசித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் தம்பிக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். அண்மையில் அவனுடைய காற்சட்டைப் பையில் லைட்டர் ஒன்றைக் கண்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. இலங்கையில் சிகரட் விளம்பரத்தைத் தடுத்த சட்டம் 2006இல் வந்தது, இவன் பிறந்ததும் அதை ஒட்டித்தான். டிவியில், பேப்பரில், ரோட்டுப் பலகையில் ஒரு சிகரட் விளம்பரத்தைக்கூடக் காணாமல் வளர்ந்த பிள்ளை. பிறகு எப்படிப் பழகினான்? கம்பனிகள் இன்னும் கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவழிப்பதாகச் சொல்கிறார்களே, தடை இருக்கும்போது அந்தக் காசு எங்கே போகிறது? உங்களைப் போன்ற எழுத்தாளர்கள் இலவசமாகச் செய்துகொடுக்கும் விளம்பரம்தான் மிச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடாத கூட்டாளிமாரும் ஒரு காரணம். படித்த குடும்பத்துப் பிள்ளை இப்படிப் போகலாமா? அவனிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. ஒரு வழி சொல்லுங்கள்.

சு., அக்கரைப்பற்று

அன்புள்ள தங்கச்சி,

பெரியப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் சிகரட் பத்துவார். அதைக் கதையிலிருந்து எடுக்கப்போவதில்லை. என் கதையை வாசித்து ஒரு பொடியன் சிகரட் பழகினான் என்றால் நான் அவ்வளவு பெரிய எழுத்தாளன் என்று அர்த்தம், அப்படி எதுவும் நடந்ததாக இதுவரை தகவல் இல்லை. சரி, அடுத்தது.

"படித்த குடும்பத்துப் பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். படியாத குடும்பத்துப் பிள்ளை போனால் பரவாயில்லையா? படுவான்கரையில் வயலுக்குப் போகிறவனும் கல்முனையில் தோணி தள்ளுகிறவனும் பத்தினால் அது அவனுடைய சுபாவம், உங்கள் தம்பி பத்தினால் மட்டும் யாரோ கெடுத்துவிட்டார்கள், அப்படித்தானே? கூட்டாளிமார் கதையும் இதேதான். அந்தக் கூட்டாளிமாருக்கும் அக்காமார் இருக்கிறார்கள், அவர்கள் இந்நேரம் உங்கள் தம்பியைக் காட்டி இதே வசனத்தை யாருக்காவது எழுதிக்கொண்டிருப்பார்கள். கோபிக்க வேண்டாம். உங்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. பயத்தில் எழுதும்போது பக்கத்தில் இருக்கிறவனைத்தான் முதலில் கை பிடிக்கும், தூரத்தில் இருந்து கணக்குப் பார்க்கிறவனை அல்ல.

காசு எங்கே போகிறது என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்சக் காலமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுவே.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே இருக்கிறவர்கள் நல்லவர்கள் என்பதற்காக இல்லை, அங்கே கணக்கு வெளியில் இருக்கிறது என்பதற்காக. மத்திய வர்த்தக ஆணையம் என்று ஒன்று, பெரிய சிகரட் கம்பனிகளிடமிருந்து விளம்பரத்துக்கும் விற்பனை ஊக்குவிப்புக்கும் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டு வாங்கி அச்சடித்து வெளியிடுகிறது. 1971 ஜனவரியில் டிவியிலும் வானொலியிலும் சிகரட் விளம்பரம் அங்கே நின்றது. நீங்கள் நினைப்பீர்கள், கம்பனிகள் தலையில் கை வைத்திருப்பார்கள் என்று. இல்லை. அதற்கு முன் 1967இலிருந்து ஒரு விதி இருந்தது: சிகரட் விளம்பரம் போடும் நிலையம் புகைத்தலுக்கு எதிரான செய்திக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அந்த எதிர்ப் பிரசாரம் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்தது. விளம்பரம் நின்றதும் அந்தக் கட்டாயமும் போனது. முதல் வருஷம் செலவு குறைந்தது. 1975 ஆகும்போது தடைக்கு முந்திய தொகையைத் தாண்டிவிட்டது. டிவிக்குப் போன காசு சஞ்சிகைக்கும் ரோட்டுப் பலகைக்கும் விளையாட்டுப் பந்தயத்துக்கும் போனது.

பிறகு 1998. நாற்பத்தாறு மாநிலங்களும் பெரிய கம்பனிகளும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். ரோட்டுப் பலகை இல்லை, பஸ்ஸில் இல்லை, கார்ட்டூன் இல்லை. அந்த வருஷம் அவர்கள் செலவழித்தது 673 கோடி டொலர். இத்தனை கதவு அடைபட்ட பிறகு 2003இல் எவ்வளவு தெரியுமா? 1,515 கோடி டொலர். இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. இப்போது குறைந்துவிட்டது என்கிறார்கள், குறைந்துதான் இருக்கிறது: 2022இல் 801 கோடி. ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு கோடி டொலருக்கு மேல். நம் முகத்துவாரத்தை மண் மூடினால் வாவித் தண்ணீர் காணாமலா போகிறது, திரும்பி வந்து வயலுக்குள் அல்லவா ஏறுகிறது, அப்படித்தான் இந்தக் காசும்.

எந்த வயலுக்குள் ஏறியது என்பதுதான் முக்கியம். அந்த 801 கோடியில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் விலைக்கழிவு. மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் கொடுப்பது, சிகரட்டின் விலை வாங்குகிறவன் கைக்கு வரும்போது இறங்கியிருக்க வேண்டும் என்பதற்காக. அரசாங்கம் வரியைக் கூட்டி விலையை ஏற்றுகிறது, இவர்கள் பின்கதவால் இறக்குகிறார்கள். விலை ஏறினால் முதலில் விடுகிறவர்கள் பையில் காசு குறைந்த பொடியன்களும் ஏழைகளும்தான். அவர்களைப் போகவிடாமல் பிடித்துவைக்கத்தான் அந்தக் காசு. படம் இல்லை, பாட்டு இல்லை, குதிரையில் வரும் வீரன் இல்லை. இதை எந்தக் கண்ணும் விளம்பரம் என்று காணாது.

விளம்பரம் என்றதும் உங்களுக்குப் பலகை ஞாபகம் வருகிறது. எனக்கு 1996 ஞாபகம் வரும். மார்ச் 17, லாகூர், கிரிக்கெட் இறுதி ஆட்டம். அந்த உலகக் கிண்ணத்தின் முழுப்பெயர் என்ன என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். வில்ஸ் உலகக் கிண்ணம். வில்ஸ் என்பது இந்தியாவில் விற்ற ஒரு சிகரட். அதற்கு முந்திய 1992 கிண்ணத்துக்கு முன்னால் இருந்த பெயரும் ஒரு சிகரட்டுடையதுதான், பென்சன் அன்ட் ஹெட்ஜஸ். ஆரையம்பதியில் எங்கள் தெருவில் கலர் டிவி இருந்த ஒரே வீட்டில், முற்றம் நிறைய ஆட்கள். அந்த நாட்களில் யாருக்குக் கைதட்டுவது என்பதே எங்களுக்கு லேசான விஷயம் இல்லை, அது வேறு கதை. ஆனால் அரவிந்த டி சில்வா அன்றைக்கு அடித்த 107 ஓட்டங்களுக்குக் கைதட்டாமல் இருக்க யாராலும் முடியவில்லை. இருட்டிய பிறகு ரோட்டில் இறங்க முடியாத காலம், ஆட்டம் முடிந்ததும் பொடியன்கள் எல்லாரும் அந்த வீட்டு விறாந்தையிலேயே பாய் விரித்துப் படுத்தோம், யாரும் நித்திரை கொள்ளவில்லை.

அந்தச் சித்திரைக்குக் கோயில் வெளியில் மென்பந்துச் சுற்றுப்போட்டி வைத்தோம். என்ன பெயர் வைத்தோம் என்று நினைக்கிறீர்கள்? வில்ஸ் கப். பால்மா டின் ஒன்றை எடுத்து, சிகரட் பெட்டிக்குள் இருக்கும் மினுங்கல் தாளைத் தெருத்தெருவாகப் பொறுக்கி ஒட்டி, அதுதான் கிண்ணம். வில்ஸ் ஒரு சிகரட் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த மீதிப் பேருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதை நடத்திய கம்பனிக்கு எங்கள் ஊர் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. லாகூரில் செலவழித்த காசு ஆரையம்பதிக் கோயில் வெளிவரைக்கும் தானாக நடந்து வந்து வேலை செய்தது. இப்போது நினைத்தாலும் அந்தக் கிண்ணம் எனக்கு அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய. இறுதி ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. நடுவர் எதிரணி விக்கெட் காப்பாளரின் மச்சான்.

சரி, அந்த வேலை இப்போது இங்கே நடக்காது. நம் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தை மட்டும் நிறுத்தவில்லை, விளையாட்டுக்கும் கலாசார நிகழ்ச்சிக்கும் புகையிலைக் கம்பனி அனுசரணை கொடுப்பதையும் சிகரட்டை இலவசமாகக் கொடுப்பதையும் நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003இலேயே ஏற்றுக்கொண்ட நாடு நம்முடையது. நல்ல சட்டம். நான் அதைக் குறை சொல்லவில்லை. (ஐபிஎல் பார்க்கும்போது பெரிய பெரிய நடிகர்கள் வந்து ஏலக்காய் விற்பார்களே, அந்தப் பெயரிலேயே பான் மசாலாவும் இருக்கும், அது கடல் தாண்டி நம் வீட்டு டிவிக்குள் வருகிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

ஆனால் நீங்கள் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போய்ப் பாருங்கள். எந்தக் கடை என்றாலும் சரி, அக்கரைப்பற்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று, இல்லை கல்லடிப் பாலத்தடியில் ஒன்று. காசு வாங்கும் மேசை. மேசையில் டொபி போத்தல், பிஸ்கட், வெற்றிலைத் தட்டு. முதலாளியின் கை எட்டும் தூரத்தில் சிகரட். என் மாமியின் பெட்டிக்கடையிலும் அப்படித்தான் இருந்தது, வாசல் தூணில் எரியும் தும்புக் கயிறு ஒன்று தொங்கும், பீடி பற்றவைக்கிறவர்கள் வந்து குனிந்து பற்றவைப்பார்கள், நான் கீழே நின்று பார்ப்பேன். கயிறு போய் லைட்டர் வந்தது, மற்றபடி மேசை மாறவில்லை. டொபிக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள் டொபியைப் போல ஒரு சாதாரணப் பொருள் என்று ஒரு பிள்ளைக்கு நாலு வயதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. ஐஸ்லாந்தில் 2001இலும் தாய்லாந்தில் 2005இலும் கடையில் சிகரட்டைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். பூட்டி வைப்பதில்லை, விற்பதை நிறுத்தவும் இல்லை, மறைக்கிறார்கள். அவ்வளவுதான். நாம் அதைச் செய்யவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லாமல் விடமாட்டேன், இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் சலித்துவிட்டது. சிகரட் பெட்டியில் படம் போட வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. கம்பனி நீதிமன்றத்துக்குப் போனது. இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் 2015இல் சட்டம் ஆனது: பெட்டியின் 80 சதவீதத்தில் படமும் எச்சரிக்கையும். அழுகிய வாய், கறுத்த நுரையீரல், பார்க்க முடியாது. உலகத்தில் பெரிய எச்சரிக்கைப் படம் போடும் நாடுகளில் நாமும் ஒன்று என்று பெருமைப்பட்டோம். இப்போது சொல்லுங்கள், உங்கள் தம்பி அந்தப் பெட்டியைக் கையில் எடுத்திருப்பானா? இருபது சிகரட்டை மொத்தமாக வாங்க அவனிடம் காசு ஏது? ஒன்று கேட்பான். முதலாளி பெட்டியைத் திறந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். பெட்டி திரும்ப மேசைக்குப் போய்விடும். படம் யாரைப் பார்க்கிறது? முதலாளியைப் பார்க்கிறது. எங்கள் சந்திக் கடை அண்ணன் வருஷாவருஷம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர், சிகரட்டை வாயில் வைத்ததே இல்லை, அந்தக் கறுத்த நுரையீரலைக் காலையிலிருந்து இரவுவரை பார்த்துக்கொண்டிருப்பது அவர் ஒருவர்தான்.

80 சதவீதத்துக்காக நீதிமன்றம்வரை போய்ச் சண்டை பிடித்தோமே, அந்தச் சண்டை முழுவதும் ஒற்றையாக ஒரு சிகரட்டை நீட்டும் ஒரு கையில் காற்றாய்ப் போகிறது. எச்சரிக்கையும் போனது, விலையும் போனது. வரியைக் கூட்டினால் பெட்டி விலை பெரிய தொகையாக ஏறும், ஆனால் ஒன்று வாங்குகிறவனுக்கு அது ஒரு வடை விலை, ஒரு பிளேன்டி விலை. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் கொட்டி விலையை இறக்கிப் பிடிக்கிறார்கள் என்றேன் இல்லையா, இங்கே அந்த வேலையை ஒற்றை விற்பனை சும்மா செய்துகொடுக்கிறது. யாரும் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. நாங்கள் கூட்டங்களில் பலகையையும் சினிமாவையும் பேசிக்கொண்டிருக்கிறோம், மே 31, புகையிலை எதிர்ப்புத் தினம் வந்தால் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பதாகை பிடிக்க வைக்கிறோம், ஊர்வலம் முடிந்ததும் பதாகை பிடித்த ஆசிரியரில் ஒருவர் ஒதுங்கிப் போய் அதே மேசையில் ஒன்று வாங்குகிறார். கடைக்காரரைத் திட்டியும் பிரயோசனம் இல்லை. ஒரு நாள் யாவாரத்தில் அவருக்கு உடனே காசாகும் பொருட்களில் அதுவும் ஒன்று, சிகரட் வாங்க வருகிறவன் தேத்தண்ணியும் குடிப்பான், அந்தக் கணக்கு அவருக்கு. நானென்றால் இரண்டே வேலை செய்வேன்: மேசையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எடு, பெட்டியாக மட்டும் வில். வேறு ஒரு பதாகையும் தேவையில்லை.

உங்கள் கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டேன். தம்பியிடம் எப்படிப் பேசுவது என்றல்லவா கேட்டீர்கள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை தங்கச்சி, ஆனால் ஏன் பத்துகிறாய் என்று கேட்காதீர்கள், அதற்கு அவனிடம் பதில் இருக்காது, இல்லாத பதிலுக்காகப் பொய் சொல்லப் பழகுவான். எங்கே வாங்கினாய் என்று கேளுங்கள். அவனுக்குப் பத்தொன்பது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்பது அதே சட்டத்தில் குற்றம், உங்கள் வீட்டில் குற்றம் செய்தவன் யாரும் இல்லை, விற்றவர்தான் செய்திருக்கிறார். இதை அவனுக்கும் சொல்லுங்கள், கொஞ்சம் தலை நிமிர்ந்து உங்களோடு பேசுவான். அப்புறம் அந்தக் கடைக்குப் போங்கள். அநேகமாக நீங்கள் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிடுகிற ஆளாகத்தான் இருப்பார். சத்தம் போட வேண்டாம். மாமா, இவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுக்காதீங்க என்று மட்டும் சொல்லுங்கள், அவர் வெட்கப்படுவார். வெட்கப்படாவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார், இது அவருடைய வேலை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், அக்கரைப்பற்று எனக்கு ஒன்றும் தூரமில்லை, பஸ் ஏறி வருகிறேன்.