16 ஃபேஸ் மதர்போர்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசஸருக்காக இரண்டு மதர்போர்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 12 பவர் ஃபேஸ்கள் (ப்ராசஸருக்கு மின்சாரம் வழங்கும் சுற்றுகள்) கொண்ட பி650இ. மற்றது 16 ஃபேஸ்கள் கொண்ட எக்ஸ்670இ, விலையும் மிக அதிகம். ஒரு கிராபிக்ஸ் கார்டு, மூன்று என்விஎம்இ சேமிப்பு டிரைவ்கள், நான்கு ரேம்கள் பொருத்த எண்ணம். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஃபேஸ் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் பட்டியலில் சிக்கல் தரக்கூடியவை மூன்றாவது டிரைவும் நான்கு ரேம்களும்தான். ஆயினும் உங்களைக் குழப்புவது ஃபேஸ் கணக்கு என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட்டுச் சொச்சமாகக் குறைத்து ப்ராசஸருக்குக் கொடுப்பது, சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதியின் வேலை. 7950எக்ஸ் ப்ராசஸரின் சாக்கெட் மின்வரம்பு 230 வாட். அதில் 200 வாட், 1.2 வோல்ட் மின்னழுத்தத்தில் கோர்களுக்குப் போவதாக வைத்துக்கொண்டால், பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 167 ஆம்பியர். 60 ஆம்பியர் திறனுள்ள 12 பவர் ஸ்டேஜ்களே (ஃபேஸ்களில் மின்னோட்டத்தைச் சுமக்கும் சில்லுகள்) காகிதக் கணக்கில் 720 ஆம்பியர் தாங்கும் என்பதால், இரண்டு போர்டுகளிலும் தட்டுப்பாடு வராது. மேலும், பெட்டியில் 16 என்று அச்சிட்டிருந்தாலும், கன்ட்ரோலரிலிருந்து 8 சிக்னல்களே புறப்பட்டு, ஒவ்வொன்றும் இரண்டு ஸ்டேஜ்களை ஒருசேர இயக்கும் அமைப்பு சாதாரணமாகக் காணப்படுவது. வெப்பத்தைப் பரவலாக்க அது உதவவே செய்கிறது. 16 தனித்தனி ஃபேஸ்கள் என்று எண்ணுவதுதான் விளம்பர மொழி.

எண்ணிக்கையைவிட, விஆர்எம் மேலுள்ள ஹீட்சிங்க்கைக் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகம்) கவனியுங்கள். மின்மாற்றத் திறன் 90 விழுக்காடு என்றாலும், 200 வாட்டை வழங்கும்போது சுமார் 22 வாட் அங்கேயே வெப்பமாக மாறுகிறது. கனமான, காற்று நுழைந்து செல்ல இடைவெளிகள் வெட்டப்பட்ட ஹீட்சிங்க், பளபளப்பான மூடியைவிட மேலானது. நீங்கள் திரவக் குளிர்விப்பான் பொருத்துவதாக இருந்தால், சாக்கெட்டின் மேல் சுழலும் விசிறி இல்லாததால் இந்தப் பகுதிக்குத் தற்செயலாகக் கிடைத்து வந்த காற்றும் நின்றுவிடும். ஆகவே விமர்சனங்களைப் படிக்கும்போது, எல்லாக் கோர்களையும் குறைந்தது அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி விஆர்எம் வெப்பநிலையை அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்து நிமிடச் சோதனையில் ஹீட்சிங்க் முழுதாகச் சூடேறியிருக்காது.

அடுத்தது லேன் (ப்ராசஸருக்கும் பிற பாகங்களுக்கும் இடையே தரவு செல்லும் தடம்) பங்கீடு. வாங்கும் முன்பே கையேட்டைத் தரவிறக்கி, அதிலுள்ள கட்ட வரைபடத்தைப் பாருங்கள். ஏஎம்5 (உங்கள் ப்ராசஸரின் சாக்கெட் வகை) ப்ராசஸரிலிருந்து வரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்களில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கும், 4 சிப்செட் (மற்ற போர்ட்டுகளை ப்ராசஸருடன் இணைக்கும் சில்லு) இணைப்புக்கும் போக, மீதமுள்ள 8 லேன்களில் இரண்டு எம்.2 (என்விஎம்இ டிரைவ்கள் அமரும் ஸ்லாட்) டிரைவ்கள் நேரடியாக அமரலாம். மூன்றாவது டிரைவ் பெரும்பாலும் சிப்செட் வழியாகத்தான் வரும். சிப்செட்டிலிருந்து ப்ராசஸருக்கு உள்ள பாதை நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட். நெட்வொர்க், சாட்டா (பழைய வகை டிரைவ் இணைப்பு), பெரும்பாலான யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் அதையே பகிர்ந்துகொள்கின்றன. எக்ஸ்670இ-யில் இரண்டு சிப்செட் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால் போர்ட்டுகள் பெருகுகின்றன. ப்ராசஸருக்குச் செல்லும் பாதை அகலமாவதில்லை. சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கிராபிக்ஸ் ஸ்லாட் 8 லேன்களாகக் குறையும், அல்லது சில சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். இவை கையேட்டில் சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாக இருக்கும். நீங்கள் பார்த்துள்ள பி650இ போர்டில் மூன்று டிரைவ்களும் இத்தகைய விட்டுக்கொடுப்பு இல்லாமல் இயங்குமானால் அதையே வாங்குங்கள். ஐந்தாறு டிரைவ்கள் வரை போகும் திட்டமிருந்தால் மட்டுமே எக்ஸ்670இ-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்குப் பொருளுண்டு.

நான்கு ரேம் என்ற எண்ணத்தை மட்டும் கைவிடச் சொல்வேன். இந்த ப்ராசஸர் வரிசைக்கு ஏஎம்டி அறிவித்துள்ள டிடிஆர்5 வேகம் இரண்டு ரேம்களுக்கு 5200 (நொடிக்கு மெகாடிரான்ஸ்ஃபர் கணக்கில்). நான்கு பொருத்தினால் 3600. விலையுயர்ந்த போர்டு இந்த அறிவிக்கப்பட்ட வரம்பை மாற்றிவிடாது. 64 ஜிகாபைட் வேண்டுமென்றால் 32 ஜிகாபைட் ரேம்கள் இரண்டை வாங்கி, ப்ராசஸரிலிருந்து எண்ணி வரும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்துங்கள். முதல்முறை இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளப் போர்டு சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும்; அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும் என்பதால், போர்டு பழுதென்று நினைத்து மின்சாரத்தைத் துண்டித்துவிடாதீர்கள்.