படகு கட்டியாச்சு, பெயிண்ட் எப்போது?

கேள்வி: ஐயா, நானும் தம்பியும் சேர்ந்து மரைன் பிளைவுட்டில் 12 அடி துடுப்புப் படகு ஒன்றை வீட்டுக் கொல்லையில் கட்டி முடித்திருக்கிறோம். மூட்டுகளை எபாக்ஸி போட்டு ஒட்டியாகிவிட்டது. பொங்கலுக்குள் உப்பங்கழியில் இறக்க ஆசை. எங்கள் தெரு பெயிண்டர், சுவருக்குப் போடுகிற பட்டியைப் போட்டுத் தேய்த்து எனாமல் இரண்டு கோட் அடித்தால் போதும் என்கிறார். போதுமா? - வாசகர், கடலூர்

பதில்: போதாது. அந்தப் பட்டியைப் படகின் பக்கமே கொண்டுவராதீர்கள். சுவர் அசையாது, படகு அசையும். துடுப்பு போடும்போதும் கரையில் இழுக்கும்போதும் பலகை லேசாக வளைந்து நிமிரும், வெள்ளை சிமென்ட் பட்டி அதைத் தாங்காமல் மயிரிழையாக விரியும், விரிசலில் தண்ணீர் இறங்கும்.

பெயிண்டுக்கு வருவதற்கு முன்னால் விளிம்புகளைப் பாருங்கள். ஐஎஸ் 710 என்ற மரைன் பிளைவுட் தர முத்திரை போட்ட பலகை கொதிநீரில் போட்டாலும் பிரியாது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அது பசையைப் பற்றிய பேச்சு. பசை பிரியாது, சரி, ஆனால் பசைக்கு நடுவே இருப்பது மரம்தானே, அது தண்ணீர் குடிக்கும், கறுக்கும், மக்கும். வெட்டிய விளிம்பில் ஒன்றுவிட்டு ஒரு அடுக்கின் நார் முனை வெளியே பார்த்தபடி இருக்கும். அந்த வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகிறது. அதனால் விளிம்பு முழுக்க எபாக்ஸியை பிரஷ்ஷால் பூசுங்கள். பத்து நிமிஷத்தில் உறிஞ்சிக்கொண்டு மங்கிவிடும், மறுபடி பூசுங்கள், மங்காமல் பளபளப்பு நிற்கும்வரை விடாதீர்கள்.

ஸ்க்ரூ ஓட்டைகளும் அப்படித்தான். என் முதல் படகில் துடுப்பு மாட்டும் கொண்டிகளைப் பெயிண்ட் அடித்த பிறகுதான் பொருத்தினேன், ஓட்டைக்குள் எதுவும் பூசவில்லை. ஒரு மழைக்காலம் போனதும் பார்த்தால் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன், டீயில் ஊறின பிஸ்கட் மாதிரி அமுங்கி ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்தது. மேலே பெயிண்டில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பலகையை முழுசாக வெட்டி எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே வேண்டிய அளவைவிடப் பெரிதாக ஓட்டை போட்டு, மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் அடைத்து, அது இறுகியபின் நடுவில் சின்ன ஓட்டை போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். ஸ்க்ரூ அப்போது மரத்தைத் தொடவே தொடாது.

அப்புறம் உடல் முழுக்க, உள்ளேயும் வெளியேயும், எபாக்ஸி மூன்று கோட். எபாக்ஸியைச் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கூரைக்கு அடியில் வைத்துப் பூசுங்கள். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வந்து மேலெல்லாம் குமிழ் கிளப்பும். சூடு இறங்குகிற நேரத்தில் பூசினால் மரம் எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கலவை விகிதம் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான், சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை (எபாக்ஸியை இறுகவைக்கக் கலக்கும் இரண்டாவது திரவத்தை) கூட்டினால் சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கலந்ததை உடனே அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள், டம்ளரில் மொத்தமாக வைத்தால் தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

இறுகிய எபாக்ஸியை மறுநாள் தடவினால் சில சமயம் மெழுகு தேய்த்தது போல வழுவழுப்பு இருக்கும். ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் தோல் தோலாக உரியும். பலர் நேராக உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கிறார்கள், அது படலத்தை இன்னும் பரப்பும், தாளும் அடைத்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வெறும் தண்ணீரும் போதும், நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, காய்ந்தபின் 80 நம்பர் தாளில் தொடங்குங்கள். கைக்கு உறையும் மூக்குக்கு நல்ல மாஸ்க்கும் கட்டாயம், எபாக்ஸித் தூள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது.

மேடு பள்ளம் பகலில் தெரியாது. இருட்டியபின் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள், பள்ளம் ஒவ்வொன்றும் நிழலாக எழுந்து நிற்கும், பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடங்களை மைக்ரோபலூன் (உள்ளே வெற்றிடமான நுண்ணிய உருண்டைகளாலான லேசான பொடி) கலந்த எபாக்ஸியால் நிரப்பி, இரண்டடி நீள மெல்லிய பலகையில் தாளை ஒட்டிக் குறுக்கு மறுக்காக இழைக்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். தோள் வலிக்கும் வேலைதான், ஆனால் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், வளைவு ஒரே ஓட்டமாக வந்து நிற்பதைக் கையால் தடவி உணர்வதற்கு ஈடான சந்தோஷத்தை இந்தத் தொழிலில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெயிண்ட் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, மஞ்சளித்துப் பொடியாக உதிரும். எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், 220 தாளில் லேசாகத் தேய்ப்பு, மேலே இரட்டை டப்பா பாலியூரித்தேன் (பெயிண்டும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் வரும், கலந்து அடிப்பது) இரண்டு மூன்று கோட். தம்பி ரோலரால் உருட்டிக்கொண்டே போக, நீங்கள் பின்னாலேயே காய்ந்த பிரஷ் நுனியால் நீவிக்கொண்டே வந்தால் கோடு தெரியாது. ஸ்பிரே வேண்டாம், அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் புகையாகி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிர் நிறமாகவே எடுங்கள், கறுப்பும் கருநீலமும் நம் ஊர் வெயிலில் கொதித்து அடியிலுள்ள எபாக்ஸியை இளக்கும். எனாமல்தான் கையில் இருக்கிறது என்றால் முதலில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள், சில எனாமல்கள் எபாக்ஸிமேல் நாள்கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பெயிண்டுக்கு நேரம் காலைதான், பனி நன்றாகக் காய்ந்தபிறகு. மார்கழிச் சாயங்காலத்தில் அடித்தீர்களானால் இறுகுவதற்குள் பனி இறங்கி வெள்ளை வெள்ளையாகப் பூத்து மங்கிவிடும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒரு வாரம் தண்ணீர் படாமல் கிடக்கட்டும். இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் பொங்கலுக்கு முடியாது. மாசி மகத்துக்கு இறக்குங்கள்.

கேள்வி: பைபர் படகு பழுது பார்க்கும் ஒருவர், பாலியெஸ்டர் ரெசினும் மேட்டும் (துண்டுக் கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) போட்டுப் பிளைவுட் படகை மூடித் தருகிறேன் என்கிறார். எபாக்ஸியைவிட மலிவு. சம்மதிக்கலாமா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: பைபர் படகுக்கு அவர் வேலை சரியான வேலை. மரத்துக்கு அது பொருந்தாது. பாலியெஸ்டர் மரத்தைக் கெட்டியாகப் பிடிக்காது, சில வருஷத்தில் ஓரம் கிளம்பி உள்ளே தண்ணீர் தேங்கும், வெளியே தெரியாமல் மரம் அழுகும். சரி, அதே மேட்டை எபாக்ஸியில் போடலாமே என்றால் அதுவும் சரிவராது, மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரையும்படி செய்தது, எபாக்ஸியில் கரையாமல் மேட் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த கண்ணாடி இழைத் துணி கேளுங்கள், சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை போதும். செலவு கட்டாவிட்டால் அடிப்பகுதிக்கும் மூட்டுகளுக்கும் மட்டும் போடுங்கள். உங்கள் மாவட்டத்து முட்டத்திலேயே 1980களில் மரைன் பிளைவுட்டைத் தைத்து ஒட்டும் முறையில் மீனவர்களுக்குப் படகு கட்டியிருக்கிறார்கள். அப்பக்கம் அந்த வேலை தெரிந்த மூத்த ஆசாரி யாராவது இருந்தால் அவரிடம் போய் ஒரு நாள் உட்காருங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துப் பலகை வள்ளம், வருஷாவருஷம் மீன் எண்ணெய் பூசியது. அதற்கும் எபாக்ஸி அடிக்கலாமா? - வாசகர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். எண்ணெய் ஊறிய மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. தவிர, தனித்தனிப் பலகைகள் தண்ணீரில் ஊறிப் பெருத்து ஒன்றையொன்று நெருக்கித்தான் அந்த வள்ளத்தின் இடுக்குகள் அடைபடுகின்றன, அதை இறுக்கமான தோலால் மூடினால் தோல்தான் கிழியும். தாத்தா செய்ததையே செய்யுங்கள், இடுக்குகளைப் பஞ்சு திணித்து அடைத்து எண்ணெய் பூசுங்கள்.

கேள்வி: அடியில் பாசி பிடிக்காத பெயிண்ட் தனியாக அடிக்க வேண்டுமா? - வாசகர், காரைக்கால்

பதில்: தினமும் கரையேற்றும் படகுக்குத் தேவையில்லை, கழுவிவிட்டாலே போதும். தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகென்றால் செம்பு கலந்த பெயிண்ட் வேண்டும், இல்லையென்றால் கொட்டலசு அப்பிக்கொள்ளும். தண்ணீர் மட்டம் எதுவரை என்று கோடு போட, படகைச் சமமாக நிறுத்திக் கொத்தனாரின் மட்டக்குழாயைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து இடத்தில் புள்ளி வைத்து டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் முழுசாக இறுகுவதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும். பழைய பாசிப் பெயிண்டைத் தேய்க்க நேர்ந்தால் தண்ணீர் விட்டே தேயுங்கள், அந்தத் தூள் விஷம்.